கருவிப் பலகையின் சிறு விளக்குகள்



பழைய மோட்டார் வண்டியை விற்றுவிட மனமின்றிப் பேணி வருவோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். தந்தையார் வாங்கிய வண்டி என்பதற்காக வைத்திருப்போரும் உண்டு. அதன் உழைப்பில் நம்பிக்கை கொண்டு வைத்திருப்போரும் உண்டு. இத்தகைய வண்டிகளில் என்ஜினுக்கு ஒரு குறை வந்தால் உடனே கவனிக்கிறோம். பிரேக்கு பிடிக்கவில்லையென்றால் வண்டியை எடுக்கவே அஞ்சுகிறோம். ஆனால் ஓட்டுபவரின் எதிரே, டாஷ்போர்டில் உள்ள மீட்டர்களுக்கு ஒளி தரும் சிறு பல்புகள் அணைந்துபோனால் மட்டும், "போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் இருளில் கிடக்கும் மீட்டர்களோடு ஓடும் வண்டிகள் எத்தனையோ. இந்தச் சிறு விளக்குகளைப் பற்றியும், அவற்றின் பழுதை முறையாகக் கண்டறிந்து நீக்குவது பற்றியும் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

முதலில் இவ்விளக்குகளின் பயன் என்ன என்று பார்ப்போம். பகலில் நாம் வண்டி ஓட்டும்போது வேகம், எரிபொருளின் அளவு, என்ஜின் எண்ணெயின் அழுத்தம், நீரின் வெப்பம், பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா என்பவற்றையெல்லாம் முட்கள் காட்டுகின்றன. எந்தெந்த மீட்டர் உண்டு என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். இரவில் அம்முட்கள் காட்டுவதை நிறுத்திவிடுவதில்லை. நம்மால்தான் காண முடிவதில்லை. நீர் கொதிக்கத் தொடங்கியதை முள் காட்டிக்கொண்டே இருக்கும். நாம் இருளில் ஓட்டிக்கொண்டே இருப்போம். எண்ணெய் அழுத்தம் விழுந்த பின்னும் தொடர்ந்து ஓடினால், சில நிமிடங்களிலேயே என்ஜினின் பேரிங்குகள் பாழாகும். ஒரு சிறு பல்பை மாற்றாமல் விட்டதன் விலை என்ஜினையே பிரித்து வேலை பார்க்கும் அளவுக்கு உயர்ந்துவிடும்.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இப்பேச்சின் மையக் கருத்தே அதுதான். மீட்டர் விளக்குகள் தனித்து வாழ்வன அல்ல. பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில், வண்டியின் முன்புறத்துச் சிறு விளக்குகளும், பின்புறத்துச் சிவப்பு விளக்குகளும், எண் பலகை விளக்கும், மீட்டர் விளக்குகளும் ஒரே சுவிட்சிலிருந்து மின்சாரம் பெறுகின்றன; ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அவை. ஆகவே, மீட்டர் விளக்குகள் யாவும் ஒரே நேரத்தில் அணைந்தனவென்றால், பின்புறத்துச் சிவப்பு விளக்குகளும் அணைந்திருக்கக் கூடும். முன் விளக்குகள் வேறு சுற்றில் இருப்பதால் எதிரே சாலை நன்கு தெரியும். ஓட்டுபவருக்கு ஐயம் எழாது. ஆனால் பின்னால் வரும் லாரியின் ஓட்டுநருக்கு நம் வண்டி கண்ணில் படாது. நம் எதிரே உள்ள சிறு விளக்கு, நம் முதுகுக்குப் பின்னால் உள்ள விளக்கின் நிலையைத் தெரிவிக்கும் தூதுவன் எனலாம்.

எனவே, மீட்டர் விளக்குகள் அணைந்ததைக் கண்டவுடன் செய்ய வேண்டிய முதற்செயல், டாஷ்போர்டின் அடியில் தலையை நுழைப்பதன்று. வண்டியைச் சாலையினின்றும் நன்கு ஒதுக்கி நிறுத்தி, இறங்கிப் பின்புறம் சென்று சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா என்று பார்ப்பதே முதற்செயல். இது உயிரைக் காக்கும் செயல். பழுது எங்கே என்பதற்கான முதல் தடயமும் இதிலேயே கிடைக்கிறது. பின் விளக்குகளும் அணைந்திருந்தால், பழுது பொதுவான வழியில் இருக்கிறது. அதாவது பியூசிலோ, விளக்குச் சுவிட்சிலோ, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயரிலோ. பின் விளக்குகள் எரிந்து மீட்டர் விளக்குகள் மட்டும் அணைந்திருந்தால், பழுது மீட்டர்களுக்கென்று பிரிந்து செல்லும் கிளையில் இருக்கிறது. ஒரு கருவியுமின்றி, ஒரே நிமிடத்தில், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இனி ஓர் எடுத்துக்காட்டாக அம்பாசிடர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1956இல் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை மூலமாகக் கொண்டு, வங்காளத்தில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் கட்டிய வண்டி அது. 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. எனினும் அவ்வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. மாரிஸ் வண்டியில் இருந்தது லூகாஸ் நிறுவனத்தின் மின் அமைப்பு. அம்முறையில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறம் உண்டு. பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு. சாவியைத் திருப்பியபின் உயிர்பெறுவது வெள்ளை. அது பியூசைக் கடந்தபின் பச்சை. பக்க விளக்கும் பின் விளக்கும் சிவப்பு. மீட்டர் விளக்குக்குச் செல்வது சிவப்பின்மேல் வெள்ளைக் கோடு. எர்த் இணைப்பு கறுப்பு. இதனை அறிந்தவருக்கு டாஷ்போர்டின் பின்னால் உள்ள வயர்க் கூட்டம் சிக்கலாகத் தோன்றாது. தெருப்பெயர்கள் எழுதிய ஊர்போல விளங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஐம்பது ஆண்டுகளில் பல கைகள் பட்ட வண்டியில், கிடைத்த நிறத்து வயரை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆகவே நிறத்தை வழிகாட்டியாகக் கொள்ளலாம், சாட்சியாகக் கொள்ளலாகாது.

மின்சாரம் ஒரு வழியே சென்று மற்றொரு வழியே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. வண்டியில் திரும்பும் வழிக்குத் தனி வயர் பெரும்பாலும் இல்லை. வண்டியின் இரும்பு உடலே திரும்பும் வழி. இதனையே எர்த் என்கிறோம். பல்பின் ஹோல்டர் மீட்டரின் உலோகக் கூட்டைத் தொடுகிறது. கூடு டாஷ்போர்டைத் தொடுகிறது. டாஷ்போர்டு வண்டியின் உடலைத் தொடுகிறது. உடல் பேட்டரியின் ஒரு முனையோடு இணைந்திருக்கிறது. இச்சங்கிலியில் எந்த ஒரு கண்ணியில் துருவோ, பெயிண்டோ, களிம்போ புகுந்தாலும் விளக்கு மங்கும். பழைய வண்டிகளில் மீட்டர் விளக்கு மங்குவதற்குப் பல்பைவிட எர்த்தே பலமுறை காரணமாக அமைகிறது.

இது எவ்வளவு மங்கச் செய்யும் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். லூகாஸ் வழக்கில் மீட்டருக்கு இடும் சிறு திருகு பல்பு 12 வோல்ட், 2.2 வாட் அளவுடையது. அது இழுக்கும் மின்சாரம் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இழை விளக்கின் ஒளி, வோல்ட் குறைவதைவிட மிக விரைவாகக் குறையும் இயல்புடையது. வோல்ட் நூற்றுக்குப் பத்து குறைந்தால் ஒளி ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறையும். வோல்ட் பாதியானால் ஒளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே துருவில் இரண்டொரு வோல்ட் விரயமானாலே மீட்டரின் ஒளி வெகுவாக மங்கிவிடும். புதிய பல்பை வாங்கிப் போட்டும் ஒளி வரவில்லையே என்று வருந்துவோர், பல்பைப் பழிக்காமல் அதன் திரும்பும் வழியைப் பார்த்தல் வேண்டும்.

இனிப் பழுதின் குறிகளை வகைப்படுத்துவோம். மருத்துவர் நோயைக் கேட்டறிவது போல, முதலில் விளக்கின் நடத்தையைக் கவனிக்க வேண்டும்.

ஒரு மீட்டரில் மட்டும் ஒளி இல்லையென்றால், அதன் பல்போ ஹோல்டரோதான் காரணம். பல்பைக் கழற்றிப் பார்க்குமுன் சற்றுத் திருகிப் பார்க்கலாம். மேடு பள்ளங்களில் ஓடிய அதிர்ச்சியில் திருகு பல்புகள் தாமே தளர்ந்துவிடுவதுண்டு. பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டு வெளுத்துப் பூத்திருந்தால், நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தல் போதும். இழை அறுந்திருந்தால் பல்பை மாற்ற வேண்டும். இழை அறாமலே கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தாலும் மாற்றுவதே நலம். இழையின் உலோகம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்த கறுப்பு அது.

எல்லா மீட்டர்களும் ஒருசேர மங்கியிருந்தால், எர்த்தை அல்லது ஒளியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை ஐயுறலாம். குமிழ் உள்ள வண்டிகளில் அதன் உள்ளே ஒரு கம்பிச் சுருளும், அதன்மேல் நகரும் ஒரு தொடுமுனையும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் விடப்பட்டால் அங்கே களிம்பு ஏறும். குமிழை இரு கோடிகளுக்கும் இருபது முறை திருப்பினாலே களிம்பு உதிர்ந்து ஒளி திரும்புவதைக் காணலாம். செலவில்லாத இச்சிகிச்சையை முதலில் செய்துவிட்டுத்தான் மற்றவற்றிற்குச் செல்ல வேண்டும்.

வண்டி குலுங்கும்போது மினுக்கினால் எங்கோ இணைப்புத் தளர்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தாலோ, திருப்ப விளக்கைப் போட்டாலோ அதற்கேற்ப மீட்டர் விளக்கும் மங்கி மங்கித் தெளிந்தால், இரண்டும் பகிர்ந்துகொள்ளும் எர்த் பழுதாகிவிட்டது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

பல்புகள் அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தால், அது வேறொரு நோய். டைனமோவின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பிழையாகி, அளவுக்கு மீறிய வோல்ட் வருகிறது என்று பொருள். வோல்ட் நூற்றுக்குப் பத்து கூடினால் இழையின் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதே மிகை வோல்ட் பேட்டரியையும் கொதிக்கச் செய்து கெடுக்கும். இங்கும் சிறு விளக்கு ஒரு பெரிய செய்தியைச் சொல்கிறது.

கைவேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுக. மற்ற முனையை முதலில் கழற்றப் போனால், ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டவுடன் பெருந்தீப்பொறி எழும். பெரும்பாலான வண்டிகளில் நெகட்டிவ் முனையே எர்த்; ஆனால் பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கும். ஆகையால் எழுத்தைப் பாராமல், எந்த முனையின் வயர் வண்டி உடலோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கழற்றுக. கைமோதிரத்தையும் உலோகக் கடிகாரப் பட்டையையும் நீக்கிவிடுக. ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டியில் அதன் பின்புறத்து முனைகளில் பேட்டரியின் முழு வலிமையும் பியூசின் காவலின்றி நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

மீட்டரின் பின்புறம் பார்த்தால் பல்பு ஹோல்டர்கள் சொருகப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றை வயரைப் பிடித்து இழுக்கலாகாது; ஹோல்டரின் விளிம்பைப் பிடித்து மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். கை எட்டவில்லையென்றால், ஸ்பீடாமீட்டரின் கேபிளை இறுக்கும் நட்டைக் கையால் தளர்த்திவிட்டு, மீட்டரை முன்புறமாகச் சிறிது வெளியே எடுக்கலாம். எந்த வயர் எங்கிருந்தது என்பதை, கழற்றுமுன்னரே தாளில் வரைந்துகொள்வது பின்னர் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும். மிகப் பழைய வயர்களில் ரப்பரும் அதன்மேல் நூலுறையும் இருக்கும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தாலும், எலி கடித்திருந்தாலும், அந்த வயரை மாற்றியே தீர வேண்டும். நாடா சுற்றி மறைப்பது பழுதுநீக்கம் ஆகாது.

ஹோல்டரையும் அது தொடும் இடத்தையும் பளபளக்கத் தேய்த்துத் துடைத்தபின், பேட்டரியை மீண்டும் இணைத்து விளக்கைப் போட்டுப் பார்க்கலாம். இன்னும் மங்கலாயின், மீட்டர் கூட்டுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே ஒரு வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். எர்த் நன்றாக இருந்தால் முள் ஏறத்தாழ அசையாது நிற்கும். ஒன்றோ இரண்டோ வோல்ட் காட்டினால் குற்றவாளி அகப்பட்டான் என்று கொள்ளலாம். அப்போது மீட்டர் கூட்டிலிருந்து வண்டி உடலின் தூய இரும்புக்கு ஒரு தனிக் கறுப்பு வயரை இழுத்து, திருகால் இறுக்கிவிட்டால் எல்லா விளக்குகளும் முகம் மலரும். இந்த ஒரு வயரின் விலை சொற்பம்; பயனோ பல்லாண்டுக்கு நிற்கும்.

விளக்கும் எர்த்தும் சரியாக இருந்தும் எண்கள் மங்கித் தெரிந்தால், மீட்டரின் உட்புறத்தைப் பாருங்கள். ஒளியைச் சிதறச் செய்வதற்காக அங்கே பூசிய வெள்ளை, முதுமையால் பழுத்து மஞ்சளாகியிருக்கும். கைத்திறன் உடையவர் மீட்டரைப் பிரித்து மீண்டும் வெள்ளை பூசினால் பழைய ஒளி திரும்பும்.

ஒளி போதவில்லை என்று மிகப் பெரிய பல்பை இடுவோரும் உளர். அது இரு வகையில் தீது. முதலாவது, அதன் வெப்பத்தால் முகப்புத் தாளும் ஹோல்டரும் கருகும். இரண்டாவது, நம் கண் இருளுக்கு முழுதும் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகிறது. கண்ணெதிரே மிகுந்த ஒளி இருந்தால் அப்பழக்கம் கெட்டு, சாலையோரம் நடந்துசெல்பவர் நமக்குப் புலப்படாமற் போவார். மீட்டர் விளக்கு படிக்கப் போதுமான அளவு எரிந்தால் போதும், அதற்குமேல் எரியலாகாது. இக்காலத்தில் கிடைக்கும் எல்.இ.டி. பல்புகள் வெப்பமின்றிக் குறைந்த மின்சாரத்தில் எரிவன. அவற்றை இடுவோர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. திசை மாறினால் அவற்றுட் பல எரியா. ஆகவே பாசிட்டிவ் எர்த் வண்டிகளில் கவனம் தேவை. மேலும், ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் சார்ஜ் ஏறுவதைக் காட்டும் சிவப்பு எச்சரிக்கை விளக்கில் மட்டும் எல்.இ.டி. இடலாகாது, அந்தப் பல்பின் வழியே செல்லும் மின்சாரமே ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்புவது. அதனைக் குறைத்துவிட்டால் பேட்டரிக்கு ஊட்டம் ஏறாமலே போகலாம்.

இறுதியாகப் பியூசைப் பற்றி. பியூஸ் போனால் அதற்கொரு காரணம் உண்டு. காரணத்தைத் தேடாமல், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றியோ, தாமிரக் கம்பியை முறுக்கியோ வைப்பது, வீட்டு நாயின் வாயைக் கட்டிவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். அதன்பின் எங்கேனும் வயர் உரசினால், உருகுவது பியூசாக இராது; டாஷ்போர்டின் பின்னுள்ள வயர் முழுவதுமாக இருக்கும். அங்கிருந்து தீ தொடங்கினால் அணைக்க நேரம் கிடையாது. பழைய லூகாஸ் கண்ணாடி பியூசில் 35 என்று எழுதியிருந்தால், 35 ஆம்பியரில் அது உருகிவிடும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது அதில் பாதியே. இது அறியாமல், தொடர்ந்து 35 ஆம்பியர் தாங்கும் புதுவகைப் பியூசை இட்டால் காவல் பாதியாகக் குறைந்துவிடும். அன்றியும், பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் பக்க விளக்குச் சுற்றுக்குப் பியூசே வைக்கப்படவில்லை. பக்க விளக்குகளும் பின் விளக்குகளும் மீட்டர் விளக்குகளும் சேர்ந்தே மூன்று, நான்கு ஆம்பியருக்கு மேல் இழுப்பது அரிது. ஆகையால் நல்ல எலக்ட்ரீஷியனைக் கொண்டு அச்சுற்றில் 5 முதல் 8 ஆம்பியர் வரை தாங்கும் ஒரு பியூசைப் பொருத்திக்கொள்வது சிறந்த காப்பாகும்.

நேயர்களே, இதுவரை கூறியவற்றின் சாரம் இதுதான்: முதலில் வண்டியின் பின்புறம் சென்று பாருங்கள், பிறகு குமிழ், பல்பு, ஹோல்டர், எர்த், சுவிட்ச், வயர் என்று எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கண்டபின் அடுத்ததைத் தொடுங்கள். மாலையில் வண்டியை வெளியே எடுக்குமுன் விளக்கைப் போட்டு, ஒருமுறை சுற்றி வந்து பார்க்கும் வழக்கத்தை வீட்டிலுள்ள இளைஞர்க்கும் பழக்குங்கள். மீட்டர் விளக்கு எரிந்தால் நாம் வண்டியின் நிலையை அறிகிறோம். பின் விளக்கு எரிந்தால் பிறர் நம் இருப்பை அறிகின்றனர். இரண்டும் எரியும் வண்டியே இரவில் சாலைக்கு ஏற்ற வண்டி.